தள்ளாடுகிறவர் எல்லாம் குடித்தவர் இல்லை

இரவு 11 மணி இருக்கும். ஐம்பது வயதுக்காரர் ஒருவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, குடித்திருக்கிறாரா என்று பரிசோதிக்கக் கேட்கும் போலீஸ் மெமோவோடு கேஷுவாலிட்டிக்கு வந்தார் ஏட்டு. "வண்டியோட ரோட்டோரமா சாஞ்சிட்டார் சார். ஊதச் சொன்னா ஊதத் தெரியல, நிதானமே இல்ல."

பேச்சு குழறியது. நிற்கச் சொன்னேன், சரிந்தார். ஆனால் வாயில் வாடை இல்லை. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, கை சில்லென்று இருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 38, மிகவும் குறைவு. குளுக்கோஸ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "என் வண்டி எங்க?" என்று கேட்டார். கடையிலேயே இன்சுலின் போட்டுவிட்டு, வீட்டில் போய்ச் சாப்பிடலாம் என்று கிளம்பியிருக்கிறார். "போதையில் உள்ளார்" என்று எழுதி அனுப்பியிருந்தால், விடிவதற்குள் லாக்கப்பில் அவர் உயிரே போயிருக்கலாம்.

தலையில் அடிபட்டவர், பக்கவாதம் தொடங்குகிறவர், வலிப்பு வந்து தெளிகிறவர் எல்லோரும் இதே கோலத்தில்தான் வருவார்கள். குடித்தவருக்கும் தலையில் அடிபட்டிருக்கும். வாடை வந்ததுமே பரிசோதனையை நிறுத்திவிடுவது மருத்துவர்களான நாங்கள் செய்யக்கூடிய பெரிய தவறு.

தினமும் குடித்துப் பழகியவரோ கோடு போட்ட மாதிரி நடப்பார், மூக்கு நுனியைச் சரியாகத் தொடுவார். அமெரிக்கப் போலீசார் சாலையிலேயே குதிகாலோடு கால்விரல் ஒட்ட 9 காலடி எடுத்து வைத்து நடந்து திரும்பச் சொல்வார்கள், ஒற்றைக் காலில் நிற்க வைப்பார்கள், பக்கவாட்டில் பார்க்கும்போது கருவிழி துடிக்கிறதா என்று கவனிப்பார்கள். மூட்டுவலிக்காரரும், காதுக் கோளாறால் தலைசுற்றல் உள்ளவரும் ஒரு சொட்டுக் குடிக்காமலே இதில் தடுமாறுவார்கள். மதுவைப் பொறுத்தவரை நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு பார்ப்பது அளவை: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம்.

"நைட் குடிச்சது சார், தூங்கி எழுந்தாச்சு" என்பவர்களிடம் நான் கணக்குப் போட்டுக் காட்டுவேன். இந்த அளவு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறங்கும். நள்ளிரவில் 150 என்றால், காலை 7 மணிக்குப் பிள்ளையை வண்டியில் ஏற்றும்போதும் 45 இருக்கும். குளித்தாலும் காபி குடித்தாலும் அது வேகமாக இறங்காது.

வாய் கொப்பளிக்கும் மருந்தில் மது இருந்தால் சில நிமிடங்களுக்குக் கருவி கூடுதலாகக் காட்டும். அப்படியென்றால் போலீசாரிடம் சொல்லி, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள். ரத்தம் எடுக்கும்போது தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது. சோப்பும் தண்ணீரும் போதும்.

185-வது பிரிவில் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்கிறது சட்டம். அங்கே வெட்கப்படாமல் பேசுங்கள். சுகர் மாத்திரையோ, வலிப்பு மருந்தோ, விழுந்ததில் தலையில் பட்ட அடியோ, எதுவானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். கைதானவரால் பேச முடியவில்லை என்றால், கூட வந்தவர் சொல்லுங்கள்.