ஆல்ஜினேட்: சொல் விளக்கம்

பழுப்புநிறக் கடற்பாசிகளின் செல்சுவரில் இருக்கும் ஆல்ஜினிக் அமிலத்தின் உப்பே ஆல்ஜினேட். இரத்தம் கசியும் புண்களின் மேல் மருத்துவமனைகளில் வைக்கப்படும் பஞ்சு போன்ற வெண்ணிறக் கட்டுகளுள் ஒருவகை, இதன் கால்சிய உப்பை இழையாக்கிச் செய்யப்படுவது.

சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் 'ஆல்கா'. அலை கரையில் ஒதுக்கும் பாசியை உரோமர்கள் அப்படி அழைத்தார்கள்; மதிப்பற்ற பொருளுக்கு உவமையாகவும் அவர்களுடைய கவிதைகளில் அது வருகிறது. 1881-இல் பிரித்தானிய வேதியியலாளர் எட்வர்டு ஸ்டான்போர்டு பாசியிலிருந்து பிரித்தெடுத்த கொழகொழப்பான பொருளுக்கு 'ஆல்ஜின்' என்று பெயரிட்டார். அதிலிருந்து பிறந்ததே ஆல்ஜினேட்.

இராமநாதபுரம் கடற்கரையில் இந்தப் பாசிகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர்கள் முன்பே உண்டு. பாறையில் கை கிழியாதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுக்கும் பாம்பன், மண்டபம் பகுதிப் பெண்கள், ஆல்ஜினேட் தரும் பழுப்புப்பாசிகளுள் சர்காசத்தைக் கட்டக்கோரை என்றும் டர்பினேரியாவைப் பக்கோடா பாசி என்றும் சொல்வார்கள். அவர்கள் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று சொல்பவையோ செம்பாசிகள். அவை தருவது அகர் என்னும் உறைபொருள். கடைகளில் 'கடற்பாசி' என்று விற்பதும் அந்த அகரைத்தான். ஆகவே ஆல்ஜினேட்டைக் 'கடற்பாசிச் சாறு' என்று மொழிபெயர்த்தால், படிப்பவர் நோன்புக் காலத்தில் காய்ச்சி உறையவைக்கும் இனிப்பையே நினைப்பார். வேதிப்பொருளை ஆல்ஜினேட் என்றே எழுதி, அதனால் செய்த கட்டைப் 'பாசியிழைக் கட்டு' என்று அழைப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

அந்தக் கட்டு வேலை செய்யும் விதம் வியப்பானது. புண்ணில் ஊறும் நீரிலுள்ள சோடியம் இழைக்குள் புக, இழையிலிருந்த கால்சியம் வெளியேறிப் புண்ணில் கலக்கிறது. இரத்தம் உறைவதற்குக் கால்சியம் இன்றியமையாதது என்பதால் உறைதல் விரைகிறது. சோடியம் ஏறிய இழையோ நீரை உறிஞ்சிக் கூழாகிப் புண்ணை ஈரமாக வைத்திருக்கிறது. ஈரமான புண்ணில் புதுத்தோல் விரைவாகப் படர்வதை 1962-இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளிடம் செய்த ஆய்வில் காட்டினார். கசிவே இல்லாத உலர்ந்த புண்ணுக்கு இக்கட்டு உதவாது.

ஆல்ஜினேட்டை 'மக்கும் பொருள்' என்று எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். மண்ணிலும் கடலிலும் நுண்ணுயிரிகள் ஆல்ஜினேட்டைச் சிதைத்துவிடும்; மனித உடலில் அதற்கான நொதி இல்லை. அதனால்தான் உடலுக்குள் விட்டுவைக்கத்தக்க பொருளை உருவாக்க முயலும் ஆய்வாளர்கள், ஆல்ஜினேட்டைப் பகுதியளவு ஆக்சிசனேற்றம் செய்து, அதன் மூலக்கூறுச் சங்கிலி உடல்நீரிலேயே மெல்ல அறும்படி மாற்றுகிறார்கள். 'உடலில் கரையும்' என்ற அடைமொழி அவ்வாறு மாற்றிய வகைக்கே உரியது.