மழையில் போன தொடர் இரவில் எப்படித் திரும்பியது?

குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் இருக்கும் என் சித்தி ஐப்பசி மழையின்போது தொலைபேசியில் ஒரு சந்தேகம் கேட்டார். ஏழரை மணித் தொடரில் கதாநாயகியின் குட்டு வெளிப்படப்போகும் நேரம். இடியோடு மழை இறங்கியது, திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்துவிட்டது. ஒன்பது மணிக்கும் மழை விடவில்லை. ஆனால் பேரன் டிவியோடு இணைத்திருக்கும் அதே செட்-டாப் பெட்டியில் ஏதோ பொத்தானை அழுத்தி, அதே அத்தியாயத்தை முதலிலிருந்து போட்டுக் கொடுத்துவிட்டான். டிஷ்ஷுக்கு வராத படம் எந்த வழியாக வந்தது? அதுவும் முதல் சில நொடிகள் தண்ணீருக்கு அடியில் பார்ப்பதுபோல மங்கலாக இருந்துவிட்டு, பிறகு யாரோ துடைத்துவிட்டதுபோலப் பளிச்சென்று ஆனது ஏன்?

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. இப்போது வரும் பெட்டிகள் பலவற்றுக்கு இரண்டு வாய். ஒன்று மாடியிலுள்ள டிஷ்ஷுக்கு, மற்றது வீட்டு வைஃபைக்கு. மழை அடைத்தது முதல் வாயை மட்டும்தான்.

செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரத்தையும் சேதமில்லாமல் கடந்துவரும் அலை, கடைசி ஐந்து கிலோமீட்டரில் மழையிடம் மாட்டிக்கொள்கிறது. டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். பெருமழையின் தடித்த துளிகள் அதை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கின்றன. இதிலும் குமரி மாவட்டத்துக்கு ஒரு சலுகை உண்டு. நாம் 8 பாகை அட்சரேகையில் இருப்பதால், 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கும் ஒரு செயற்கைக்கோள் நமக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, அடிவானத்திலிருந்து சுமார் 78 பாகை உயரத்தில் இருக்கும். அலை மழையைக் குறுக்கே கடக்காமல் நேராக இறங்குகிறது. டெல்லிக்காரருக்கு அது இன்னும் சாய்ந்து வரும். ஆனால் குலசேகரத்து மழை அந்தச் சலுகையையெல்லாம் மதிப்பதில்லை.

ஆன்டெனா காலத்தில் சிக்னல் குறைந்தால் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் புள்ளிகளுக்கு நடுவே நிழலாகவாவது தெரியும். டிஜிட்டலில் அந்த இரக்கம் கிடையாது. ஓர் எல்லை வரை பிழைகளைத் திருத்திக்கொண்டே படம் காட்டும். எல்லை தாண்டினால் ஒன்றுமே இல்லை. சித்தியோ கண்ணேறு என்று முடிவுகட்டி, டிஷ்ஷின் கம்பியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவைத்திருந்தார். பழத்தில் இருப்பதும் தண்ணீர்தானே! அதை அலை வந்து விழும் இடத்துக்கு முன்னால் தொங்கவிட்டால், இருக்கிற மழை போதாதென்று நாமே ஒரு பெரிய துளியைக் கட்டிவிட்டதாக ஆகும். சொன்னேன். கழற்றவில்லை, தள்ளிக் கட்டினார்.

செயற்கைக்கோளுக்கு ஒரு வீடும் ஒன்றுதான், கோடி வீடும் ஒன்றுதான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைத்தான் பொழியும். குலசேகரத்துக்கு மட்டும் ஏழரை மணியைத் திருப்பிப் போடு என்றால் அதற்கு வழியில்லை. அந்த வேலைக்கு பிராட்பேண்ட் வேண்டும். அதன் கண்ணாடி இழைக்குள் ஓடும் ஒளிக்கு வெளியே மழை பெய்வதே தெரியாது. தென்னை மட்டை விழுந்து கேபிளை அறுக்காதவரை.

இப்போது சித்தியின் இரண்டாவது கேள்வி. எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

ஒளிபரப்பான அத்தியாயத்தை நிலையத்தார் ஒரே கோப்பாக வைப்பதில்லை. மங்கல், நடுத்தரம், தெளிவு என்று பல தரங்களில் பதிப்பிக்கிறார்கள். ஒவ்வொரு பதிப்பையும் சில நொடித் துண்டுகளாக, எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் நறுக்குகிறார்கள். ஒரே நாவலை மலிவுத் தாளிலும் வழவழப்புத் தாளிலும் அச்சிட்டு, பக்கங்கள் ஒரே சொல்லில் முடியும்படி பார்த்துக்கொள்வதுபோல. ஆறாம் பக்கத்தை மலிவுப் பதிப்பில் படித்துவிட்டு ஏழாம் பக்கத்தை உயர்ந்த பதிப்பில் புரட்டினாலும் கதை அறுபடாது. வழக்கமாக வீடியோவில் ஒரு படச்சட்டம் முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும். துண்டின் தொடக்கத்திலோ முழுப் படம் ஒன்றை வைத்துவிடுவார்கள். அதனால் எந்தத் துண்டும் முந்தையதை நம்பியிருக்க வேண்டியதில்லை.

எந்தப் பதிப்பை எடுப்பது என்று தீர்மானிப்பது யார்? பெரும்பாலும், தொலைவிலிருக்கும் பிரம்மாண்ட சர்வர் அல்ல. சித்தி வீட்டு அலமாரியில், ஊதுபத்திச் சாம்பலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெட்டிதான்! தொடக்கத்தில் அதற்கு இணையத்தின் வேகம் தெரியாது. ஆகவே அடக்கமாக, நொடிக்கு 1 மெகாபிட் (தரவை அளக்கும் அலகு) கொண்ட மங்கல் பதிப்பில் ஆறு நொடித் துண்டைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6 மெகாபிட். அது ஒரே நொடியில் வந்து சேர்ந்தால், வேகம் நொடிக்கு 6 மெகாபிட் என்று பெட்டி கணக்குப் போடுகிறது. அடுத்த துண்டை 4 மெகாபிட் பதிப்பில் கேட்கத் துணிகிறது. அதன் எடை 24 மெகாபிட், வந்து சேர நான்கு நொடி. ஓடுவதோ ஆறு நொடி. இரண்டு நொடி மிச்சம். இப்படிச் சேர்ந்துகொண்டே போகும் மிச்சம்தான் பெட்டியின் கையிருப்பு. சித்தி பார்த்த மங்கல் அந்த முதல் துண்டு.

     

கையிருப்பை நீங்களே அளந்து பார்க்கலாம். பழைய அத்தியாயம் ஐந்து நிமிடம் ஓடிய பிறகு, மோடத்தை அணைத்துவிட்டு நொடிகளை எண்ணுங்கள். நேரலையில் டிஷ் கேபிளைக் கழற்றினால் படம் உடனே செத்துவிடும். இதில் அப்படி இல்லை. எங்கள் வீட்டில் 41 வரை எண்ண முடிந்தது. சித்தி வீட்டில் 12க்கு மேல் தெரியவில்லை. கதாநாயகி மறுபடியும் வாயைத் திறக்கும் நேரம் அது. எண்ணிக்கொண்டிருந்த பேரன் கையிலிருந்து ரிமோட் பறிக்கப்பட்டது.