அடுத்து ஓடுவது எந்த ப்ராசஸ்? எக்ஸ்வி6 ஷெட்யூலரில் கை வைத்தால்

இயங்குதளப் பாடத்துக்காக எம்.ஐ.டி.யில் 2006-இல் எழுதப்பட்ட சிறு கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எக்ஸ்வி6. பழைய யூனிக்ஸின் ஆறாம் பதிப்பை ஒட்டியது. முதலில் எக்ஸ்86 சில்லுக்கு, இப்போது ரிஸ்க்-ஃபைவுக்கு. அடுத்து எதை ஓட்டுவது என்று முடிவு செய்யும் அதன் ஷெட்யூலர் முடிவில்லாமல் சுற்றும் ஒரு லூப். 64 இடங்கள் கொண்ட ப்ராசஸ் (ஓட்டத்தில் உள்ள நிரல்) அட்டவணையை வரிசையாகப் பார்க்கும். ஓடத் தயாராக ஒன்று அகப்பட்டால் சிபியுவை அதனிடம் விடும். நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை டைமர் குறுக்கிட்டு சிபியுவைப் பிடுங்கும். லூப் அடுத்த இடத்துக்கு நகரும். இதுதான் ரவுண்ட் ராபின்.

ஒரு ப்ராசஸை நிறுத்தி இன்னொன்றை ஓடவிடும் வேலையைச் செய்வது சிபியுவுக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்களான 14 ரெஜிஸ்டர்களைச் சேமித்து மாற்றிப் போடும் சின்ன அசெம்பிளி நிரல். அதைத் தொடவே வேண்டாம். மாற வேண்டியது "யாரைத் தேர்ந்தெடுப்பது" என்ற கேள்விக்கான விடை மட்டும். கேட்க எளிதாக இருக்கிறது; ஆனால் அந்த விடை லூப்புக்குள் மட்டும் இல்லை.

முதலில் வந்ததற்கே முதலிடம் என்ற கொள்கையை எடுத்துக்கொள்வோம். ப்ராசஸ் பிறந்த நேரத்தைக் குறித்து வைத்து, மிகப் பழையதைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. டைமர் வந்ததும் சிபியுவை விட்டுக்கொடுக்கும் அழைப்பு பயனர் நிரலின் குறுக்கீட்டுப் பாதையில் ஒன்று, கெர்னலின் பாதையில் இன்னொன்று என இரண்டு இடங்களில் இருக்கிறது. இரண்டையும் அடைக்க வேண்டும். அடைத்த பிறகு, முடிவில்லாமல் சுற்றும் ஒரு நிரலைப் பின்னணியில் (கட்டளையின் முடிவில் & சேர்த்து) ஓட்டிப் பாருங்கள்: நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் திரும்பவே திரும்பாது. இதைப் பார்க்க ஒரே சிபியுவோடு இயக்க வேண்டும். கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான க்யூஎமுவில் எக்ஸ்வி6 வழக்கமாக மூன்று சிபியுக்களோடு எழும். இரண்டு மூன்று நிரல்களை ஓட்டினால் ஆளுக்கொரு சிபியு கிடைத்துவிடும், எந்தக் கொள்கையும் நல்ல கொள்கையாகத் தெரியும்.

முன்னுரிமைக் கொள்கையில் சிக்கல் லாக்கில், அதாவது ஒரு ப்ராசஸின் பதிவை ஒரு நேரத்தில் ஒரு சிபியு மட்டுமே தொடவிடும் பூட்டில், வருகிறது. அட்டவணை முழுவதையும் அலசி உயர்ந்த முன்னுரிமை உள்ளதைக் கண்டுபிடிக்கிறோம். அதற்குள் அதன் லாக்கை விட்டிருந்தால், வேறொரு சிபியு அதே ப்ராசஸைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். எனவே லாக்கை மீண்டும் எடுத்து, அது இன்னும் தயார் நிலையில்தான் இருக்கிறதா என்று மறுபடி பார்த்த பிறகே ஓடவிட வேண்டும். அந்த ஒரு சோதனையை விட்டுவிட்டால், ஒரே ப்ராசஸ் ஒரே ஸ்டாக்கில் (அதன் தற்காலிக நினைவிடத்தில்) இரண்டு சிபியுக்களில் ஓடும். எப்போதாவதுதான் நடக்கும் என்பதால் பிழையைத் தேடுவதும் பெரும்பாடு.

இன்னொரு பொறி: அட்டவணையின் இடங்கள் மறுபடி மறுபடி பயன்படுபவை. முன்னுரிமைக்கென்று புதிதாகச் சேர்த்த புலத்துக்குப் புதிய ப்ராசஸை ஒதுக்கும் இடத்திலேயே தொடக்க மதிப்பு தராவிட்டால், முன்பு அந்த இடத்தில் இருந்து செத்துப்போன ப்ராசஸின் முன்னுரிமை புதியவனுக்கு வந்து சேரும். கெர்னல் எழுந்த புதிதில் எல்லாம் சரியாக ஓடும். நாலைந்து கட்டளைகளுக்குப் பிறகு விநோதங்கள் தொடங்கும். கீழ்நிலை ப்ராசஸ்களுக்கு வாய்ப்பே வராத பட்டினிக்கு மருந்து, காத்திருக்கக் காத்திருக்க முன்னுரிமையை உயர்த்துவது.

1994-இல் வால்ட்ஸ்பர்கரும் வைலும் முன்வைத்த லாட்டரி முறை எனக்குப் பிடித்தமானது. ஆளுக்குச் சில சீட்டுகள். ஒவ்வொரு முறையும் குலுக்கல். ஒரு சீட்டாவது கையில் இருக்கும்வரை யாரும் நிரந்தரமாகப் பட்டினி கிடக்கமாட்டார்கள். கெர்னலில் ரேண்டம் எண் தரும் நிரல் இல்லை என்பதால் அதைச் சிறிதாக நாமே எழுத வேண்டும், அதுவும் முழு எண்களிலேயே: ப்ராசஸ் மாறும்போது எக்ஸ்வி6 தசம எண்களுக்கான மிதவைப் புள்ளி ரெஜிஸ்டர்களைச் சேமிப்பதில்லை.

அதிகம் யோசிக்க வைப்பது பல அடுக்கு வரிசை. கோர்பாட்டோ குழுவினர் எம்.ஐ.டி.யில் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சிடிஎஸ்எஸ் என்ற இயங்குதளத்தில் இதன் வேர் இருக்கிறது. தன் பங்கு நேரத்தை முழுக்கத் தின்னும் ப்ராசஸ் ஓர் அடுக்கு கீழே இறங்கும். விசைப்பலகைக்காகக் காத்துத் தூங்கும் ஷெல் போன்றவை மேலேயே இருக்கும். அவ்வப்போது எல்லாவற்றையும் மேலடுக்குக்கு ஏற்றிவிட வேண்டும்.

ஆனால் யார் எவ்வளவு தின்றார்கள் என்று எப்படி அறிவது? டைமர் அடிக்கும் கணத்தில் ஓடிக்கொண்டிருப்பவர் கணக்கில் ஒரு டிக் (டைமரின் இரு அடிகளுக்கு இடைப்பட்ட நேரம்) எழுதுவதுதான் சுலபமான வழி. அப்படியானால் டிக்கின் பெரும்பகுதி ஓடிவிட்டு, அடிக்கச் சற்று முன் தூங்கப் போகும் நிரலின் கணக்கு பூஜ்யம். அப்போதுதான் எழுந்த அப்பாவியின் தலையில் முழு டிக்கும் விழும். சிபியுவைக் கொடுப்பதற்கு முன்பும் திரும்பி வந்த பின்பும் வன்பொருள் நேரக் கணக்கியைப் படித்து, வித்தியாசத்தை அந்த ப்ராசஸின் கணக்கில் சேர்த்தால் இந்தத் தந்திரம் பலிக்காது. ஷெட்யூலர் லூப்பில் கூடுவது இரண்டு வரிகள்தான். அடுக்கு இறக்கத்தையும் டிக்குகளை விட்டு அந்தக் கூட்டுத்தொகையை வைத்தே முடிவு செய்யலாம்; தூங்கி எழுந்தாலும் அதைப் பூஜ்யமாக்கக் கூடாது.