ஸ்கேனுக்குக் காசு கட்டுவதற்கு முன்

வெள்ளவத்தையில் மாலை நேரத்தில் நோயாளர் பார்க்கும் என் அறைக்கு வருகிறவர்கள் பலர், என்ன வருத்தம் என்று சொல்வதற்கு முன்பே பெரிய உறையொன்றை மேசையில் வைத்துவிடுகிறார்கள். 67 வயது அம்மா ஒருவரும் அப்படித்தான் வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"தம்பி, கழுத்தில கான்சராம். மகன் போனில அழுறான்."

ரொறன்ரோவில் இருக்கும் மகன், முழு உடம்புப் பரிசோதனைப் பக்கேஜ் ஒன்றுக்குக் காசு அனுப்பியிருந்தார். அம்மாவில் வைத்த பாசத்தால் செய்த வேலை, அவரில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 12 பக்க ரிப்போர்ட்டில் கான்சர் என்று எங்கேயும் இல்லை. கழுத்திலுள்ள தைரொய்ட் சுரப்பியில் 7 மில்லிமீற்றர் நீர்க்கட்டி, "மேலதிக பரிசோதனை தேவைப்படலாம்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரி அம்மாவின் மூன்று கிழமை நித்திரையைத் தின்றிருந்தது.

தைரொய்ட்டில் சின்னக் கட்டி இருப்பது வயதான பெண்களிடம் மிகச் சாதாரணம். கையால் தடவிப் பார்த்தால் தெரியாது, ஸ்கேனில் தெரியும். அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் தீங்கற்றவை. நீர் நிறைந்த இந்த அளவுக் கட்டிக்கு ஊசி குத்திப் பார்க்கவும் தேவையில்லை.

தேடித் தேடிப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதைத் தென்கொரியா காட்டியது. அங்கே 1999இல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டமொன்றைத் தொடங்கியது. தைரொய்ட் அதில் இல்லை. ஆனாலும் கொஞ்சம் கூடுதல் காசுக்குக் கழுத்தையும் ஸ்கேன் பண்ணிக் கொடுத்தார்கள். 2011இல் தைரொய்ட் புற்றுநோய் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்காகப் பதிவானது. அந்த நோயால் இறந்தவர் தொகையோ மாறவேயில்லை. அதாவது, உயிருக்கு ஆபத்தில்லாத கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் சுரப்பியை இழந்தார்கள். வாழ்நாள் முழுக்க மாத்திரை, சிலருக்குக் கல்சியக் குறைபாடு, நூற்றில் இருவருக்குக் குரல்நாண் பாதிப்பு. 2014இல் அங்குள்ள மருத்துவர்களே எதிர்த்து எழுந்த பிறகுதான் சத்திரசிகிச்சைகள் குறைந்தன.

கருவிகளுக்கு எதிராக நான் எழுதவில்லை. 1971இல் லண்டனில் கொட்ஃப்ரி ஹௌன்ஸ்ஃபீல்டின் சி.ரி. இயந்திரத்தில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுக்கும்வரை, மூளையைப் பார்க்க முதுகுத்தண்டின் வழியாகக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். தாங்க முடியாத தலையிடி வரும். இன்று திடீரென்று வாய் கோணி ஒரு கை விழுந்தால், அது இரத்தக் கசிவா அடைப்பா என்பதைச் சி.ரி. சில நிமிடங்களில் சொல்லிவிடும். அடைப்பென்றால் நாலரை மணித்தியாலத்துக்குள் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கலாம். பாரிசவாதம் என்று சந்தேகம் வந்தால் எதையும் யோசிக்காமல் அம்புலன்ஸ் இலக்கமான 1990ஐ அழையுங்கள். அங்கே தாமதம்தான் ஆபத்து.

நானும் பிழை விட்டிருக்கிறேன். வரிசை நீண்ட ஒரு இரவில், நாரி நோவோடு ஹற்றனிலிருந்து வந்த ஒருவருக்கு, இருந்து கதைக்க நேரமில்லாமல் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தேன். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து எடுத்து வந்தார். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் புடைத்திருக்கிறது என்று வந்தது. நோவே இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளில்கூட 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் இதே புடைப்பு இருக்கிறது. கால் வலுவிழப்பது, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது, காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது: இவற்றில் ஒன்று இருந்தால் உடனே படம் வேண்டும். அவருக்கு ஒன்றுமே இல்லை. ஆறு கிழமைக்குள் நோ போய்விட்டது. ஆனால் தன் முள்ளந்தண்டு பழுதாகிவிட்டதென்று நம்பி, சுமை தூக்கும் வேலையை விட்டுவிட்டார். அந்தச் சங்கிலி மீண்டதா என்று கேட்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.

இப்போது ஸ்கேன் எழுதிக் கொடுப்பதற்கு முன் என்னையே ஒன்று கேட்கிறேன்: முடிவு எப்படி வந்தாலும் நான் செய்யப்போகும் வைத்தியம் மாறுமா? நீங்களும் இதையே எங்களிடம் கேளுங்கள். டொக்டரைக் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. கேட்டால் நின்று யோசிக்கிறேன். சி.ரி. என்றால் கதிர்வீச்சையும் கேளுங்கள். வயிற்றுக்கு ஒரு தடவை எடுப்பது ஏறக்குறைய 8 மில்லிசீவர்ட். ஒரு வருடம் முழுக்க இயற்கையிலிருந்து நமக்குக் கிடைப்பது சராசரியாக 2.4தான்.

அந்த அம்மாவின் ரிப்போர்ட்டுக்குத் திரும்புகிறேன். முதல் பக்க மூலையில் பேனாவால் எழுதிய ஒரு எண் இருந்தது: 176/102. பிரஷர். கட்டியைப் பார்த்த யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் மூன்று தடவை அளந்தேன், இறங்கவில்லை. அடுத்த நாள் மகனோடு கதைத்தேன்.

"அப்ப இன்னொரு ஸ்கேன் வேண்டாமா டொக்டர்?"

"வேண்டாம். கையில் கட்டும் பிரஷர் மெஷின் ஒன்று வாங்கக் காசு அனுப்புங்கோ."

மாத்திரை தொடங்கினோம். உப்பைக் குறைத்தார், கருவாட்டை விட்டார். போன மாதம் வந்தபோது உறை இல்லை. பேத்தியின் பழைய கணக்குக் கொப்பியில் நாளுக்கு இரண்டு வரியாக அளவுகளை எழுதிக் கொண்டுவந்திருந்தார். கடைசி வரி 134/82.