கடைசல்

மொரீசியசில் புயல் ஓய்ந்த மறுவாரம் தெருவோரமெல்லாம் வெட்டிப்போட்ட கிளைகள் குவிந்து கிடக்கும். லிச்சி, மா, இங்கே படாமியே எனப்படும் நாட்டுவாதுமை, ‘ப்வா நுவார்’ என்று பெயர் மாறிப்போன நம் வாகை. லாரி வந்து அள்ளுவதற்குள் அதில் நேரான துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி, காயவைத்து, இயந்திரத்தில் சுழலவிட்டு மெழுகுவத்தி வைக்கும் தண்டுகள் செய்கிறவர்கள் உண்டு. அந்த இயந்திரம் பிரெஞ்சில் ‘தூர்’. தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு ‘லேத்து’. தமிழில் இந்த வேலைக்குப் பெயர் கடைசல். புதிதாகச் சொல் செய்யவேண்டிய தேவையே இல்லை.

கரை என்பதிலிருந்து கரைசல் வந்ததுபோல, கடை என்பதிலிருந்து கடைசல். கடைச்சல் என்றும் எழுதுவார்கள், அதுவும் சரிதான். கடைசி, கடைக்கோடி என்பவற்றில் வருவது வேறு ‘கடை’. அதை இதில் கலக்கவேண்டாம். இது மோர் கடைகிற கடை, கீரை கடைகிற கடை, பாற்கடலைக் கடைந்த கடை.

மோருக்கும் மரத்துக்கும் ஏன் ஒரே வினைச்சொல்? விடை கயிற்றில் இருக்கிறது. மத்தில் கயிற்றைச் சுற்றி இரண்டு முனைகளையும் மாறிமாறி இழுத்தால் மத்து ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் சுழலும். பழைய கடைசல் பட்டறையிலும் இதே கதைதான். இரண்டு முளைகளுக்கு நடுவே மரத்துண்டு கிடக்கும். அதில் சுற்றிய கயிற்றை ஒருவர் இழுக்க, தரையில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் உளியைப் பிடிப்பார். மரம் தன் பக்கமாகச் சுழலும்போது மட்டும் உளி சீவும். எதிர்ப்பக்கம் திரும்பும்போது கொஞ்சம் பின்வாங்கிக்கொள்ளும். தீ உண்டாக்கும் தீக்கடைகோலும் இந்தக் குடும்பம்தான், அதற்குச் சங்க காலத்துப் பெயர் ஞெலிகோல். இன்றைய மின் இயந்திரம் ஒரே பக்கமாகத்தான் சுற்றுகிறது. இழுக்கக் கயிறும் இல்லை, ஆளும் இல்லை. சொல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

பேச்சிலும் அது இரண்டு முகத்தோடு நிற்கிறது. கடைந்தெடுத்த அயோக்கியன் என்றால் வசவு. கடைந்தெடுத்த சிலை மாதிரி என்றால் புகழ்ச்சி. வசவில் நிற்பது மத்து, புகழ்ச்சியில் நிற்பது உளி என்று நான் பிரித்துக்கொள்வேன்.

கட்டில் கால், தொட்டில் கால், மரச்சொப்பு எல்லாம் கடைசல் வேலைதான். இந்தத் தீவுக்கு அது அந்நியச் சொல்லாகவும் இருந்திருக்க முடியாது. 1735இல் லாபூர்தொனே பிரெஞ்சு ஆளுநராக வந்து, இன்றைய தலைநகரான போர் லூயியைக் கட்டத் தொடங்கிய காலத்தில் புதுச்சேரிப் பக்கத்துத் தச்சர்களும் கொத்தர்களும் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். தச்சர் இருக்கும் இடத்தில் கடைசல் என்ற பேச்சு இல்லாமலா போகும்?

சரி, ஒன்றைக் கடைந்துவிடலாம். ஒரே மாதிரி இரண்டு கடைவதில்தான் கை தெரியும். ஒரே கிளையில் அடுத்தடுத்து அறுத்த துண்டுகளை எடுத்தால் ரேகையும் நிறமும் ஒத்துப்போகும். பச்சை மரம் காயும்போது முனையிலிருந்துதான் வெடிக்கத் தொடங்கும். அதனால் அறுத்த கையோடு இரு முனையிலும் மெழுகோ பெயிண்டோ பூசி நிழலில் போட்டுவைக்கவேண்டும். கிளையின் நடுவே இருக்கும் மெதுவான பகுதிக்குத் தச்சர் சொல் சோறு. அது உள்ளே இருந்தால் வெடிப்பு வருவதற்கு வாய்ப்பு அதிகம், பருத்த கிளையாக இருந்தால் சோற்றை ஒதுக்கிப் பிளந்துகொள்வது நல்லது. வாகையைக் கடைபவர் மூக்கை மூடிக்கொள்ளவேண்டும். அதன் தூள் தும்மல் போட்டே சாகடிக்கும். முதல் தண்டு முடிந்ததும் அதன் மேடு பள்ளங்களை பட்டியல் எனப்படும் மெல்லிய மரச்சட்டத்தில் கோடு கோடாகக் குறித்துக்கொள்வார்கள். இரண்டாவது துண்டு சுழலும்போது அந்தப் பட்டியலை அணைத்துப் பிடித்து, குறிகளை மரத்துக்கு மாற்றி, ஒவ்வொரு குறியிலும் எவ்வளவு பருமன் என்று காலிப்பரால் அளந்து இறக்குவார்கள். மயிரிழை வித்தியாசம் எப்படியும் இருக்கும். இரண்டையும் ஒட்டி வைக்காமல் ஒரு முழம் தள்ளி வைத்தால் கண்ணுக்குத் தெரியாது.

இனி, செய்த பொருளுக்குப் பெயர். மெழுகுவர்த்தியில் உள்ள வர்த்தி, திரியைக் குறிக்கும் வடசொல். ஊதுவத்தியின் வத்தியும் அதுதான். இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் மெழுகுவத்தி ‘லாபூஸி’. அது பிரெஞ்சு ‘பூழி’யின் வழி வந்தது, ‘பூழி’க்கு மூலம் தேன்மெழுகு ஏற்றுமதியான ஓர் அல்ஜீரியத் துறைமுகத்தின் பெயர். தண்டுக்குப் பிரெஞ்சில் ‘ஷாந்தெலியே’ என்பார்கள். அதே எழுத்துகளை ஆங்கிலம் படித்தவர் பார்த்தால் கூரையில் தொங்கும் சரவிளக்கு என்றுதான் நினைப்பார். அகராதிகள் தரும் மெழுகுவர்த்தித் தாங்கி குற்றமில்லாத சொல், ஆனால் வாயில் நிற்காது. தமிழ் பைபிளில் விளக்கைத் தானியம் அளக்கும் மரக்காலால் மூடாமல் விளக்குத்தண்டின்மேல் வைப்பார்கள் என்ற வரி உண்டு. கடைந்த மரத்துக்கு அந்தச் சொல்தான் கச்சிதம். குத்துவிளக்கு என்று சொன்னால் எண்ணெயும் திரியும் வந்துவிடும்.

ஆக, வேலை கடைசல், இயந்திரம் கடைசல் பொறி, செய்பவர் கடைசல்காரர், பொருள் விளக்குத்தண்டு. கடைத்தெருவில் லேத்து என்று கேட்பதில் தப்பில்லை. எழுதும்போது கடைசல் என்றே எழுதலாம். அப்புறம், தண்டின் உச்சிக்குழியில் பித்தளைக் கிண்ணம் ஒன்றைப் பதிக்காமல் மெழுகுவத்தியை ஏற்றிவிடாதீர்கள். அடிவரை எரிந்தால் மரமும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.