கழுத்தில் வீங்குவதெல்லாம் பொன்னுக்கு வீங்கி அல்ல

ஏற்காடு மலைக் கிராமத்திலிருந்து 2 வயதுக் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். தாடைக்குக் கீழே பெரிய வீக்கம், அதன்மேல் காய்ந்துபோன மஞ்சள் சுண்ணாம்புப் பற்று, கழுத்தில் தங்கச் சங்கிலி. "பொன்னுக்கு வீங்கிதானே டாக்டர், தானாக வற்றிவிடும் என்றார்கள்" என்றார் பாட்டி. பற்றைக் கழுவினால் தோல் சிவந்து பளபளக்கிறது, உள்ளே சீழ். மயக்க மருந்து கொடுத்துக் கீறி எடுக்க வேண்டியதாயிற்று. இப்படி இன்னும் எத்தனை குழந்தைகள்?

பொன்னுக்கு வீங்கி உமிழ்நீர்ச் சுரப்பியில் வருவது. காதுக்கு முன்னும் கீழும் வீங்கிக் காது மடலையே தூக்கிவிடும். தாடை எலும்பின் மூலை கைக்குத் தட்டுப்படாது. நெறி, அதாவது நிணநீர்க் கணு, தாடைக்குக் கீழே கட்டும். எலும்பின் மூலை தெளிவாகத் தட்டுப்படும். விரலால் தடவிப் பாருங்கள், போதும். முன்னது வைரஸ், தானாக அடங்கும். நெறி ஒரு பக்கம் மட்டும் வேகமாகப் பெருத்து, தொட்டாலே குழந்தை வீறிட்டு, காய்ச்சலும் அடித்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா. சங்கிலி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை; ஆனால் அன்றைக்கே மருத்துவரிடமும் வாருங்கள்.

சளி பிடித்த குழந்தைக்கு 1 சென்டிமீட்டருக்குள் வலியின்றி உருளும் நெறிகள் சகஜம். பிடரியில் நெறி என்றால் முதலில் தலையைப் பாருங்கள்; பேன் கடித்துச் சொறிந்த புண் இருக்கும்.

பாக்டீரியாவால் வந்த நெறிக்கு ஆன்டிபயாடிக் வழக்கமாக 10 முதல் 14 நாள். காய்ச்சல் விட்டதும் சிரப்பை நிறுத்தாதீர்கள். 2, 3 நாளில் குறையாவிட்டால் திரும்ப வாருங்கள். சீழ் கோத்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். பிதுக்காதீர்கள், சூடு போடாதீர்கள். எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, கழுத்தைத் திருப்ப மறுத்தாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ இரவென்று பாராமல் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

வலியே இல்லாமல் 2 வாரத்துக்கு மேல் நிற்கும் கட்டி வேறு கதை. அது காசநோயாக இருக்கலாம். ஊசியால் உறிஞ்சிப் பரிசோதிக்க வேண்டும். கண்ட இடத்தில் கீறினால் ஆறாத புண்ணாகிச் சீழ் வடிந்துகொண்டே இருக்கும். மாத்திரை வழக்கமாக 6 மாதம், அரசு மருத்துவமனையில் இலவசம். சிகிச்சையின் நடுவே கட்டி சற்றுப் பெருப்பதும் உண்டு; பயந்து மாத்திரையை நிறுத்தாமல் வந்து காட்டுங்கள். வீட்டில் யாராவது வாரக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தால், தயவுசெய்து, அதை மறைக்காமல் சொல்லுங்கள். அவருக்கும் சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும்.