கவலைக்கு ஒரு கைப்பிடி

கணினித் திரையில் சில கற்கள். ஒன்றைக் காட்டி, அதன் அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்பார்கள். ஊகித்துச் சொல்ல வேண்டும். பாம்பு இருந்துவிட்டால், நீங்கள் சரியாகவே சொல்லியிருந்தாலும் கையில் சுரீரென்று ஒரு மின் அதிர்ச்சி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 45 பேரை உட்காரவைத்து இந்த விளையாட்டை ஆடச் சொன்னார்கள். ஆய்வு 2016இல் வெளிவந்தது. எந்தக் கல்லுக்கு அடியில் பாம்பு அதிகம் என்பதை ஆட ஆடக் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் பிடிபட்டது என்று நினைக்கும்போது கணக்கை மாற்றிவிடுவார்கள். கண்மணி எவ்வளவு விரிகிறது, தோலில் எவ்வளவு வியர்வை கசிகிறது என்பதைக் கருவிகள் அளந்துகொண்டே இருந்தன.

அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த நேரத்தில் உடல் உச்சத்துக்குப் பதறவில்லை. வருமா வராதா என்று பாதிக்குப் பாதி இருந்த நேரத்தில்தான் பதறியது. "எதுவானாலும் சரி, சீக்கிரம் சொல்லித் தொலையுங்கள்" என்று ஒரு முடிவுக்காகக் காத்திருந்தபோது நாம் நினைத்ததற்கு இதுதான் காரணம். கெட்ட செய்தியைவிட, செய்தி தெரியாமல் இருப்பதுதான் மூளைக்குப் பெரிய சுமை.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. நிச்சயமின்மை ஏறும்போது பதற்றமும் ஏறி, அது இறங்கும்போது தானும் இறங்கியவர்கள், பாம்பு எங்கே என்பதையும் மற்றவர்களைவிட நன்றாக ஊகித்தார்கள். ஆகவே பதற்றத்தைப் பழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. "இங்கே உனக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது, கவனி" என்று உடல் கொடுக்கும் குரல் அது. கவனித்துக் கற்பதற்கு ஏதாவது இருக்கும்வரை அந்தக் குரலால் நமக்கு நன்மைதான். கற்க ஒன்றும் இல்லாத இடத்திலும் அது ஓயாமல் ஒலிக்கத் தொடங்கும்போதுதான் நாம் அதைக் கவலை என்கிறோம்.

அந்தக் கவலையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். நாளை ஒரு நேர்காணல் என்று வைத்துக்கொள்வோம். இரவு படுத்தபின் மனதில் ஓடுவது பெரும்பாலும் படம் இல்லை, பேச்சு. "அந்தக் கேள்வியைக் கேட்டுட்டா? பதில் வராம நின்னுட்டா? இந்த வேலையும் போச்சுன்னா அப்புறம் என்ன செய்யறது?" ஒரு "ஆயிட்டா" அடுத்த "ஆயிட்டா"வைக் கூட்டிவருகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளர் 1980களிலிருந்து பல்லாண்டுகள் இதை ஆராய்ந்தார். கவலை முக்கியமாகச் சொற்களால் ஆனது என்பது அவர் காட்டியவற்றில் முக்கியமானது.

சொல்லாக இருந்தால் என்ன, படமாக இருந்தால் என்ன? உடலுக்கு வித்தியாசம் உண்டு. பயந்த காட்சியை அப்படியே கண்முன் கொண்டுவந்தால் நெஞ்சு படபடக்கும். மேடையில் பேசப் பயப்படுபவர்களிடம் செய்த சோதனையில், முதலில் கவலைப்பட்டுவிட்டுப் பிறகு மேடைக் காட்சியைக் கற்பனை செய்தவர்களுக்கு இதயத் துடிப்பின் ஏற்றம் குறைந்தே இருந்தது. பயத்தின் கூர்முனையைச் சொற்கள் மழுக்கிவிடுகின்றன. கவலை நமக்குத் தரும் சிறு கூலி இது. அந்தக் கூலிக்காகவே மனம் திரும்பத் திரும்ப அங்கே போகிறது.

இன்னொரு கூலியும் உண்டு. பயந்தது பெரும்பாலும் நடப்பதில்லை. நடக்காதபோது, கவலைப்பட்டதால்தான் தப்பித்தோம் என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் எதைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படவைக்கும் பொதுப் பதற்றக் கோளாறு உள்ள 29 பேரிடம், பத்து நாட்களுக்குத் தங்கள் கவலைகளைக் குறித்துவைக்கச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொன்றும் நடந்ததா என்று சரிபார்த்தார்கள். 2020இல் வந்த முடிவின்படி, 91 சதவீதக் கவலைகள் பலிக்கவே இல்லை. தங்கள் பட்டியலைத் தாங்களே சரிபார்த்தவர்களுக்குக் கவலையும் குறைந்தது. அடுத்தவர் வந்து "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று நூறு முறை சொல்லியிருப்பார். அதனால் ஆகாதது, தன் கையெழுத்தில் எழுதியதைத் தானே பார்த்தபோது ஆனது.

இதற்கிடையே உடல் சும்மா இருப்பதில்லை. ஆபத்து என்று மூளையின் அமிக்டலா என்ற பகுதி அறிவித்தால், மூளையிலேயே உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, பிறகு சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி என்று செய்தி இறங்கி, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கும். ஓடவோ மோதவோ வேண்டிய சில நிமிடங்களுக்கான ஏற்பாடு இது. ஆபத்து எதிரில் இருந்தால் சீக்கிரமே முடிந்துவிடும். ஆபத்து எண்ணத்தில் இருந்தால், எண்ணம் ஓடும்வரை இந்த ஏற்பாடும் முழுதாக அடங்காது. தூக்கம் கெடுவதும் கழுத்துத் தசைகள் இறுகிக் கிடப்பதும் இதனால்தான்.

"சரி, நினைக்காமல் இரு" என்றால்? டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்துவிட்டால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்கள்தான் கரடியை அதிகம் நினைத்தார்கள். ஒன்றை நினைக்காமல் இருக்கிறோமா என்று சரிபார்க்கவே அதை ஒருமுறை தொட்டாக வேண்டும். அதனால் கவலையை விடு என்ற அறிவுரையை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதைக் கேட்டவர் தோற்பார், தோற்றதற்கும் சேர்த்துக் கவலைப்படுவார்.

அப்படியானால் கவலை எப்போது தானாக விலகுகிறது? முடிக்காமல் விட்ட வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்பது நமக்குத் தெரியும். மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட சோதனைகளில், முடிக்காத வேலையை வைத்துக்கொண்டு வேறொன்றைப் படிக்கச் சொன்னால் மனம் அந்த வேலைக்கே ஓடியது. ஆனால் அதை எப்போது, எங்கே, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டம் போட்டவர்களிடம் இந்தத் தொல்லை அடங்கிவிட்டது. வேலை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. திட்டம் மட்டும்தான் இருந்தது. மூளை கேட்டுக்கொண்டிருந்தது வேலை முடிந்ததா என்றல்ல, அதற்கு ஓர் இடம் ஒதுக்கியாயிற்றா என்றுதான்.

அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தின் தூக்க ஆய்வகத்தில் 57 இளைஞர்களைப் படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் செய்ய வேண்டியதை எழுதினார்கள், பாதிப் பேர் செய்து முடித்ததை. செய்ய வேண்டியதை எழுதினால் மனம் இன்னும் பரபரக்கும் என்றுதானே தோன்றும்? 2018இல் வந்த முடிவு நேர்மாறாக இருந்தது. அவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது.

இதற்கும் ஆழத்தில் இன்னொரு பொறி வேலை செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான், அதன் தொடக்கம் படிக்க வேதனையாக இருந்தாலும். 1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற உளவியலாளர்கள் நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு குழு தலையால் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்த முடியும். இன்னொரு குழுவுக்கு அதே அளவு அதிர்ச்சி, ஆனால் எதைச் செய்தாலும் நிற்காது. பிறகு, தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பித்துவிடக்கூடிய பெட்டியில் விட்டபோது, இரண்டாம் குழுவில் பெரும்பாலானவை முயலாமல் படுத்துவிட்டன. இந்த நாய்கள் கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொண்டுவிட்டன என்று எழுதினார்கள்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் முடிவைத் தாங்களே திருத்தினார்கள். இடையில் மேயர் எலிகளின் மூளைக்குள் பார்த்திருந்தார். நீண்ட துன்பம் வரும்போது, மூளைத்தண்டில் இருக்கும் ராஃபே என்ற பகுதி செரட்டோனின் என்ற வேதிப்பொருளைப் பொழிந்து உடலை முடக்கிப்போடுகிறது. இது கற்றுக்கொண்டதே இல்லை, இயல்பாக நடப்பது. மூளை கற்றுக்கொள்வது வேறொன்றை: நான் செய்வதால் ஏதோ மாறுகிறது என்பதை. அதைக் கண்டுகொள்வது முன்மூளையின் நடுப்பகுதி. கண்டுகொண்டதும் கீழே இருக்கும் ராஃபேக்கு "போதும்" என்று செய்தி அனுப்பி அடக்குகிறது. ஒருமுறை இப்படிக் கட்டுப்படுத்திப் பழகிய விலங்கு, பின்னால் கட்டுப்படுத்தவே முடியாத துன்பம் வந்தபோதும் முன்போல் முடங்கவில்லை.

இதைப் படித்த நாளிலிருந்து, மனம் சோர்ந்து முடங்கிக் கிடப்பவரைச் சோம்பேறி என்று நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. முடங்குவதுதான் உடலின் தொடக்க நிலை. அதிலிருந்து எழுவதற்குத்தான் சான்று வேண்டும். அந்தச் சான்று பெரிதாக இருக்க வேண்டியதில்லை, நம் கையால் நடந்ததாக இருந்தால் போதும்.

அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடக்கப்போகிறது என்று பேச்சு. "வேலை போயிடுமோ" என்ற கவலைக்குக் கைப்பிடியே கிடையாது, எங்கே பிடித்துத் தூக்குவது? யாரை எடுப்பார்கள் என்பது மேலே இருப்பவர்கள் முடிவு. நம் கை படும் இடங்கள் சில உண்டு: பழைய ரெஸ்யூமே, முன்பு சேர்ந்து வேலை செய்தவர்கள், மூன்று மாதச் செலவின் கணக்கு. இதிலும் "ரெஸ்யூமேவைப் பார்க்கணும்" என்று நிறுத்தினால் அதுவும் ஒரு கவலையாகி வரிசையில் நின்றுகொள்ளும். "சனிக்கிழமை காலை காபி குடித்ததும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கடைசி இரண்டு வருட வேலையை மட்டும் எழுதுவேன்" என்றால் மூளைக்கு அது புரியும். இன்னது நடந்ததும் இன்னது செய்வேன் என்ற இந்த வடிவத்தைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்தார். 94 சோதனைகளைத் தொகுத்து 2006இல் பார்த்தபோது, இலக்கை எட்டுவதில் இது நல்ல பலன் தருவது உறுதியானது.

மீதிக் கவலைக்குப் போர்கோவெக் குழு 1983இலேயே ஒரு வழி சோதித்திருந்தது: தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரைமணி. கவலை எப்போது வந்தாலும் அந்த நேரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். கூடாது என்று தடுக்காமல் அப்புறம் என்று சொல்வதால், வெள்ளைக் கரடியின் வம்பு இங்கே இல்லை. கட்டிலை மட்டும் அதற்கான இடமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

பல மாதங்களாக, பெரும்பாலான நாட்களில் கவலை அடங்காமல் தூக்கத்தையும் வேலையையும் தின்றுகொண்டிருந்தால், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மருத்துவரைப் பார்ப்பதே அந்த வாரத்தின் திட்டமாக இருக்கட்டும்.

கை படவே முடியாத கவலையும் உண்டு. அம்மாவின் பயாப்ஸி முடிவுக்கு ஒன்பது நாள் காத்திருந்தோம். கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்பதை அறிய என்னிடம் எந்த வழியும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு நோட்டை எடுத்து, மருத்துவரிடம் கேட்க வேண்டியதை மட்டும் எழுதத் தொடங்கினேன். முடிவு இப்படி வந்தால் முதலில் எதைக் கேட்பது, அப்படி வந்தால் எதைக் கேட்பது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னத்தடா எழுதிட்டே இருக்க?" என்றார். காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்துவிட்டு, "நான் எப்ப மறுபடி மாடி ஏறலாம்னு இதுல இல்லையே" என்று பேனாவை வாங்கித் தானே எழுதினார். மருத்துவரைப் பார்க்கப் போனபோது நோட்டில் பதினொரு கேள்விகள் இருந்தன. ஏழைத்தான் கேட்க முடிந்தது. அம்மா தன் கேள்வியை முதலிலேயே கேட்டுவிட்டார்.